சாக் எண்ணிக்கையை மட்டும் வச்சு பாஸ் ரஷரை எடை போடாதீங்க

மார்ச் மாசம் வந்தாலே எங்க வாட்ஸ்அப் குரூப்ல இதே பேச்சுதான். "அந்தாளு போன சீசன்ல 14 சாக், இப்ப கான்ட்ராக்ட் முடிஞ்சு ஃப்ரீ ஏஜென்ட்டா நிக்கிறான், நம்ம டீம் ஏன் இன்னும் தூக்கல"ன்னு ஒருத்தர் ஆரம்பிப்பார், "அவனுக்கு வயசாயிடுச்சு, காசு வேஸ்ட்"னு இன்னொருத்தர் சொல்வார், அப்புறம் ராத்திரி பூரா அதுதான் ஓடும். நான் ஹூஸ்டன் பக்கத்துல ஒரு ஹைஸ்கூல்ல கணக்கு வாத்தியார், அதே ஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பால் டீம்ல டிஃபென்சிவ் லைன் பசங்களைப் பாத்துக்கற அசிஸ்டன்ட் கோச்சும் நான்தான். வெள்ளிக்கிழமை ராத்திரி மேட்ச், சனிக்கிழமை காலைல ஃபிலிம், ஒவ்வொரு பிளேயையும் நிறுத்தி, பின்னாடி ஓட்டி, திரும்பப் பாத்து பசங்களுக்கு மார்க் போடறது என் வேலை. அதைப் பல வருஷமா செஞ்சதுல எனக்குப் புரிஞ்ச ஒரு விஷயத்தை இங்க எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டிருந்தேன்.

புதுசா பாக்கறவங்களுக்கு ரெண்டு வரி. குவார்ட்டர்பேக் பந்தை எறியறதுக்குள்ள ஓடிப்போய் அவரைப் பிடிக்கற ஆள்தான் பாஸ் ரஷர். எறியறதுக்கு முன்னாடியே அவரைச் சாய்ச்சிட்டா அது சாக். டிவில பெருசா காட்டறது சாக்கைத்தான், அதனாலதான் நம்ம கண்ணு அங்கயே நின்னுடுது.

இப்ப ஒரு சின்ன கணக்கு போடுவோம். ஒரு ரஷர் மேட்சுக்கு 25 தடவை குவார்ட்டர்பேக்கை நோக்கி ஓடறார்னு வைங்க, 17 மேட்சுக்கு 425 தடவை ஆச்சு. அதுல 15 சாக் எடுத்தா அவர் லீக்லயே பெரிய ஸ்டார். மிச்சம் 410 தடவை அவர் என்ன பண்ணார்? டீம் கொடுக்கற கோடிக்கணக்கான டாலர்ல பெரும்பகுதி அந்த 410க்குத்தான், ஆனா அதைப் பத்தி யாரும் பேசறதே இல்ல.

என்.எஃப்.எல்ல, அதாவது அமெரிக்காவோட பெரிய ப்ரோ லீக்ல, குவார்ட்டர்பேக் கைக்குப் பந்து வந்ததுலேர்ந்து எறியறதுக்கு சராசரியா 2.7, 2.8 செகண்ட் ஆகுது. பின்னாடி நிக்கற கார்னர்பேக் பந்தைப் பிடிக்க ஓடற ஒரு வேகமான ரிசீவரை ஒட்டியே ஓடணும், அந்த ரிசீவருக்கு எங்க திரும்பப் போறோம்னு தெரியும், இவருக்குத் தெரியாது, அதனால மூணு செகண்டைத் தாண்டிட்டா எவ்வளவு நல்ல கார்னரா இருந்தாலும் ஒரு இடைவெளி விழுந்தே தீரும். முன்னாடி வர்ற ரஷர் 2.3 செகண்ட்லயே குவார்ட்டர்பேக்கோட காலை நகர வச்சிட்டார்னா அவர் சாக்கே எடுக்க வேணாம், பந்து அவசரமா, குட்டையா, குறி தப்பித்தான் போகும். போன வருஷம் அடி வாங்கின அதே கார்னர் இந்த வருஷம் பந்தைப் பிடுங்கறார், எல்லாரும் "பையன் தேறிட்டான்"னு சொல்றாங்க. தேறியிருக்கலாம், ஆனா அவருக்கு அரை செகண்ட் சம்பாதிச்சுக் கொடுத்தது முன்னாடி நின்னவர்.

இதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் 2010 சிகாகோ பேர்ஸ். 2009ல அவங்க 7-9 (7 வெற்றி, 9 தோல்வி), எதிர் டீம்களுக்கு விட்ட பாயின்ட் 375. அந்த மார்ச்ல கரோலினாலேர்ந்து ஜூலியஸ் பெப்பர்ஸ் ஃப்ரீ ஏஜென்ட்டா வர்றார், 6 வருஷம், அதிகபட்சம் 9.15 கோடி டாலர். அடுத்த சீசன் 11-5, விட்ட பாயின்ட் 286, அந்த டீம் என்.எஃப்.சி ஃபைனல், அதாவது சூப்பர் பவுலுக்கு முந்தின மேட்ச் வரைக்கும் போச்சு. பெப்பர்ஸ் எடுத்த சாக் எத்தனை தெரியுமா, வெறும் 8. "9 கோடி கொடுத்து எட்டா"ன்னு அப்ப கேட்டவங்க இருந்திருப்பாங்க. எதிர்ப்பக்கம் நின்ன இஸ்ரேல் இடோனிஜே அதே வருஷம் அதே 8 எடுத்தார், அவர் கரியர்லயே அதுதான் அதிகம். நம்ம ஊர் கிரிக்கெட் பாத்தவங்களுக்கு இது சட்டுனு புரியும், ஒரு எண்ட்ல ஒருத்தர் ரன்னே கொடுக்காம கட்டிப்போட்டா இன்னொரு எண்ட்ல விக்கெட் விழும், ஸ்கோர்கார்டுல பேரு அந்த எண்ட்காரருக்குத்தான். பெப்பர்ஸ் பக்கம் அவரைத் தடுக்கற டேக்கிளோட சேர்த்து, லைன் ஓரத்துல நிக்கற டைட் எண்டும் ஒட்டிக்கும், பந்தை வாங்கி ஓடற ரன்னிங் பேக்கும் போற போக்குல தோளால ஒரு இடி கொடுத்துட்டுப் போவார், அப்ப அடுத்த பக்கம் இடோனிஜேவுக்கு ஒரே ஆள்தான் எதிர்ல. சாக் எட்டுதான்னாலும் அந்த வருஷம் லீக்லயே சிறந்த ஆட்டக்காரங்களைத் தேர்ந்தெடுக்கற ஆல்-ப்ரோ முதல் டீம்ல பெப்பர்ஸ் பேர் இருந்துச்சு, ஓட்டு போட்டவங்களுக்குப் புரிஞ்சிருக்கு. ஒண்ணு சொல்லிடணும், எல்லாம் அவர் ஒருத்தராலயேன்னு சொன்னா அது நியாயம் இல்ல, 2009ல முதல் மேட்ச்லயே மணிக்கட்டு போய் உக்காந்த பிரையன் அர்லாக்கரும் 2010ல திரும்பி வந்தார்.

கோச் லவ்வி ஸ்மித் ஆடின ஆட்டமும் இதுல முக்கியம். அவரோட சிஸ்டம்ல முன்னாடி நாலு பேர் மட்டும் போவாங்க, ஏழு பேர் பின்னாடி நின்னு கவரேஜ் பாப்பாங்க. நாலு பேராலயே குவார்ட்டர்பேக்கைக் கலைக்க முடிஞ்சாத்தான் அது வேலை செய்யும், இல்லன்னா அஞ்சாவது ஆறாவது ஆளை பிளிட்ஸ் அனுப்பணும், அனுப்பின ஒவ்வொருத்தருக்கும் பின்னாடி ஒரு ஓட்டை விழும். நல்ல ரஷர் ஒருத்தர் கிடைச்சா ஒரு டிஃபென்ஸுக்குக் கிடைக்கற பெரிய லாபமே இந்த பிளிட்ஸ் செலவு மிச்சமாகறதுதான்னு நான் சொல்வேன். 2025 பிப்ரவரி சூப்பர் பவுல் பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஈகிள்ஸ் ஒரு பிளிட்ஸ் கூட அனுப்பாம பேட்ரிக் மஹோம்ஸை 6 தடவை சாய்ச்சாங்க, 40-22. அதுல ரெண்டரை சாக் (ரெண்டு பேர் சேர்ந்து சாய்ச்சா ஆளுக்கு அரை) எடுத்த ஜாஷ் ஸ்வெட் அடுத்த மாசமே ஃப்ரீ ஏஜென்ட்டா அரிசோனாவுக்குப் போனார், 2 சாக் எடுத்த மில்டன் வில்லியம்ஸ் நியூ இங்லாந்துக்கு, 4 வருஷத்துக்கு 10.4 கோடி டாலர்.

இங்க என் சொந்தத் தப்பு ஒண்ணையும் சொல்லணும். சில வருஷம் முன்னாடி வேற டிஸ்ட்ரிக்ட்லேர்ந்து ஒரு பையன் எங்க ஸ்கூலுக்கு மாறி வந்தான். சீசன் முடிவுல அவன் எடுத்தது 3 சாக், எதிர்ப்பக்கம் ஆடினவன் 9. என் ஷீட்ல சாக் காலம்தான் முதல் காலம், அதை வச்சு புதுப் பையனுக்குக் கம்மி மார்க் போட்டு ஹெட் கோச்கிட்ட கொடுத்துட்டேன். அவர் ஒண்ணும் சொல்லல, "அஞ்சு மேட்சோட தேர்டு டவுன் எல்லாம் திரும்பப் பாரு, அவனை எத்தனை பேர் தடுத்தாங்கன்னு மட்டும் எண்ணு"ன்னார். தேர்டு டவுன்னா பத்து யார்டு நகரக் கிடைக்கற நாலு சான்ஸ்ல மூணாவது, பெரும்பாலும் பந்தை எறியற பிளே. ஞாயித்துக்கிழமை உக்காந்து எண்ணினேன். முக்கால்வாசி பிளேல அந்தப் பையன் மேல ரெண்டு பேர், சிலதுல மூணு பேர், அடுத்த பக்கம் பாத்தா ஒருத்தன்தான். அடுத்த பக்கத்துப் பையன் சாக் எடுத்த பிளே பலதுல குவார்ட்டர்பேக் இவனைப் பாத்து பயந்து நகர்ந்து அவன் கையில போய் விழுந்திருக்கான். திங்கள்கிழமை அந்தப் பையனைக் கூப்பிட்டு ஃபிலிமைப் போட்டுக் காட்டி மன்னிப்பு கேட்டேன், அதுவரைக்கும் அவன் தனக்கு இந்த டீம்ல இடம் இல்லன்னே நினைச்சுட்டிருந்திருக்கான், பதினாறு வயசுப் பையன், வெளியவும் சொல்லல. அடுத்த சீசன்லேர்ந்து என் ஷீட்ல முதல் காலம் எத்தனை பேர் தடுத்தாங்க, ரெண்டாவது காலம் எத்தனாவது செகண்ட்ல குவார்ட்டர்பேக் கால் நகர்ந்துச்சு, சாக் கடைசில.

டீமுக்குள்ள இது எப்படிப் பரவும்ங்கறதுக்கு 2022 ஈகிள்ஸைப் பாருங்க. 2021ல டீம் மொத்தமா 29 சாக். அந்த மார்ச்ல ஹாசன் ரெடிக்கை 3 வருஷம் 4.5 கோடிக்கு எடுத்தாங்க, அடுத்த சீசன் டீம் மொத்தம் 70. ரெடிக் 16, மிச்சம் மூணு பேர், ஸ்வெட், ஹார்கிரேவ், பிராண்டன் கிரஹாம், ஆளுக்கு 11. ஒரே டீம்ல நாலு பேர் பத்தைத் தாண்டினது லீக் சரித்திரத்துலயே அதுதான் முதல் தடவை. அந்த வருஷம் கார்னர்லயும் நடு லைன்லயும் புது ஆளுங்க வந்தாங்க, அதையும் கணக்குல எடுத்துக்கணும். ஆனா யாரைத் தடுக்கறது, யாரை விடறதுன்னு எதிர் டீம் குழம்பினது ஃபிலிம்ல தெளிவா தெரியும். எங்க ஊர் டெக்சன்ஸும் 2024ல டேனியல் ஹன்டரை ரெண்டு வருஷம் 4.9 கோடிக்குக் கொண்டு வந்தாங்க, அவர் 12, எதிர்ப்பக்கம் வில் ஆண்டர்சன் 7லேர்ந்து 11க்குப் போனார்.

ரெடிக் கதைல இன்னொரு பாடம் இருக்கு, இது டீம் எடுக்கறவங்களுக்கு ரொம்ப முக்கியம். அவரை 2017ல முதல் ரவுண்டுல எடுத்த அரிசோனா நடு லைன்பேக்கரா நிக்க வச்சாங்க, மூணு வருஷத்துல மொத்தம் 7.5 சாக். 2020ல ஓரத்துக்கு மாத்தினதும் ஒரே சீசன்ல 12.5. ஷாக் பாரட்டும் இதே மாதிரிதான், டென்வர்ல வான் மில்லருக்கும் டிமார்க்கஸ் வாருக்கும் பின்னாடி பெஞ்சுல காத்திருந்து மொத்தம் 14 சாக், 2019ல டாம்பா ஒரு வருஷத்துக்கு 40 லட்சம் டாலர் கொடுத்துக் கூப்பிட்டாங்க, அந்த ஒரே வருஷத்துல 19.5, லீக்லயே அதிகம். ரெண்டு பேரையும் பழைய சாக் எண்ணிக்கையை மட்டும் பாத்து ஒதுக்கியிருந்தா எவ்வளவு பெரிய தப்பு. ஆள் எந்த இடத்துல நின்னார், மேட்சுக்கு எத்தனை பிளே கிடைச்சுது, அதைக் கேக்காம எண்ணை மட்டும் வச்சு என்ன பண்றது.

எதிர்ப்பக்கமும் இருக்கு. 2009ல வாஷிங்டன் ஆல்பர்ட் ஹெய்ன்ஸ்வொர்த்துக்கு 7 வருஷம் 10 கோடி டாலர் கான்ட்ராக்ட் போட்டாங்க, அடுத்த வருஷம் புது கோச் 3-4 சிஸ்டத்துக்கு (முன்னாடி லைன்ல மூணு பேர், பின்னாடி நாலு லைன்பேக்கர்) மாறினார், தன் ஆளைத் தள்ளிக்கிட்டு உள்ள புகுந்து ஆடறவரை மூக்குக்கு நேர்ல நின்னு ரெண்டு பேரைத் தாங்குன்னா எப்படி ஒத்துவரும், அந்த உறவு உடைஞ்சே போச்சு. வயசும் முழங்காலும் வேற. 2022ல பஃபலோ வான் மில்லரை 33 வயசு ஆகப்போற நேரத்துல 6 வருஷம் 12 கோடிக்கு எடுத்தாங்க, 11 மேட்ச்ல 8 சாக், அருமையா போயிட்டிருந்துச்சு, தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கு டெட்ராய்ட்ல முழங்கால் போச்சு, அடுத்த சீசன்ல ஒரு சாக் கூட இல்ல. அவர் மேல குத்தமே இல்ல, அந்த வயசுல அந்த ஆபத்து கூடவே வரும், கான்ட்ராக்ட் எழுதும்போதே அதை எழுதிக்கணும். 2025ல ஒரு டீமோட மொத்த சம்பள வரம்பே 27.92 கோடிதான், அதுல பெரிய துண்டு ஒருத்தருக்குப் போச்சுன்னா வேற எங்கயோ ஓட்டை விழுது.

வயசானாலே வேணாம்னும் சொல்லல. டிமார்க்கஸ் வாரை டாலஸ் 2014ல கழட்டி விட்டாங்க, டென்வர் 3 வருஷம் 3 கோடிக்கு எடுத்துக்கிட்டாங்க. 2015ல அவருக்கு காயம், அஞ்சு மேட்ச் ஆடல, 7.5 சாக்தான். ஆனா சூப்பர் பவுல் 50ல, அந்த சீசனோட எம்.வி.பி (மிகச் சிறந்த ஆட்டக்காரர்) கேம் நியூட்டனை அவர் 2 தடவை, மில்லர் இரண்டரை தடவை சாய்ச்சாங்க, 24-10. 33 வயசு ஆளை எல்லா பிளேக்கும் ஓட விட்டிருந்தா பிப்ரவரில அந்தக் கால் இருந்திருக்காது. என் பசங்களையும் நான் மாத்தி மாத்தித்தான் இறக்கறேன், நாலாவது குவார்ட்டர்ல களைச்சுப்போன டேக்கிள் முன்னாடி மூச்சு வாங்காத ஒருத்தன் வந்து நின்னா அதுக்கு ஈடு இணையே இல்ல.

இந்த ஃப்ரீ ஏஜென்ட் முறையே ஒரு பாஸ் ரஷர் பேர்ல நடந்த கேஸ்ல வந்ததுதான், ரெஜி வைட். 1993ல அந்தக் கேஸ் சமாதானமாகி கதவு திறந்ததும் அவரே முதல் பெரிய ஆளா கிரீன் பேவுக்குப் போனார், 4 வருஷம் 1.7 கோடி. எதிர் டீமுக்கு விட்ட யார்டு கணக்குல 23வது இடத்துல இருந்த டிஃபென்ஸ் ஒரே வருஷத்துல 2வது இடம். நாலாவது சீசன் முடிவுல, 1997 ஜனவரி சூப்பர் பவுல்ல, நியூ இங்லாந்துக்கு எதிரா 3 சாக், கோப்பையும் வந்துச்சு.

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லணும், 70 சாக் எடுத்த அந்த 2022 ஈகிள்ஸ் சூப்பர் பவுல்ல கன்சாஸ் சிட்டிக்கு எதிரா ஒரு சாக் கூட எடுக்கல, 38-35 தோத்தாங்க. பந்து சீக்கிரம் சீக்கிரம் கையை விட்டுப் போச்சு, கால் வழுக்கற தரை வேற. ரஷர் மட்டும் போதாது, எதிர் டீம் பந்தோட ஓடற ஆட்டத்தை நிறுத்தி, அவங்களை எறிஞ்சே ஆகணும்ங்கற நிலைக்குத் தள்ளணும், அப்பத்தான் அவருக்கு வேலையே.

அடுத்த சீசன்ல உங்க டீம் புதுசா ஒரு ரஷரை எடுத்தா தேர்டு டவுன்ல ஒரு தடவை பந்தைப் பாக்காதீங்க. ஸ்னாப்புக்கு, அதாவது பந்து பிளேக்கு வர்றதுக்கு, முன்னாடி எதிர் டீமோட ரன்னிங் பேக் எந்தப் பக்கம் வந்து நிக்கிறார், டைட் எண்ட் எந்தப் பக்கம்னு பாருங்க. ரெண்டு பேரும் உங்க புது ஆள் பக்கம் வந்து நின்னா, அடுத்த பக்கம் இருக்கறவர் மேல கண்ணை வைங்க.