வேகமாக வரும் தவறான விடை

ஒரு பேக்கப் ஃபைலின் செக்சம் (ஃபைல் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க அதிலிருந்து கணக்கிடும் எண்) பொருந்தவில்லை. மறுபடி கணக்கிட்டால் பொருந்தியது. ராமை மாற்றினோம், டிஸ்க்கை மாற்றினோம், கேபிளைக்கூட விடவில்லை. நான்காம் நாள், அதே ஃபைலின் செக்சத்தை பிராசசரின் ஒவ்வொரு கோரிலும் (தனியாகக் கணக்குப் போடும் பகுதி) தனித்தனியாக ஆயிரம் முறை கணக்கிட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி ஓடவிட்டேன். 17ஆம் கோர் மட்டும் மூன்று முறை வேறு விடை சொன்னது. கிராஷ் ஆகவில்லை; பிழைகள் பதிவாகும் லாகில் ஒரு வரிகூட இல்லை.

பிராசசர் நின்றுபோனால் நமக்குத் தெரியும். தப்பான விடையைச் சொல்லிவிட்டு ஓடிக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து. 2021இல் மெட்டா பொறியாளர்கள் எழுதிய ஆய்வில் இப்படி ஒரு கோர் வருகிறது. 1.1ஐ 53 அடுக்குக்கு உயர்த்தினால் முழு எண் பகுதி 156. அந்தக் கோர் 0 என்றது. ஃபைலின் அளவே 0 என்று கணக்கானதால், சுருக்கிவைத்ததை விரித்தெடுத்தபோது சில ஃபைல்கள் காணாமல் போயின.

இதற்கெல்லாம் ஒரே காரணம் கிடையாது. தயாரிப்பில் நேரும் நுண்ணிய குறை ஒன்று, தேய்மானம் இன்னொன்று. டிரான்சிஸ்டர் வயதாக ஆக மெதுவாகும், சூட்டில் மாறும், திடீரென்று வேலை கூடினால் மின்னழுத்தம் ஒரு கணம் சரியும். அதற்காகவே தேவைக்குச் சற்று மேலே மின்னழுத்தம் வைப்பார்கள். ஆனால் மின்செலவு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதே வேகத்தில் மின்னழுத்தத்தை 5% குறைத்தால், வேலைக்கான மின்செலவில் ஏறக்குறைய 10% மிச்சம். அந்த இடைவெளியைச் சுரண்டத் தோன்றுவது இயல்புதான். எதிர்ப்பக்கமும் உண்டு: அதிக வேகத்துக்கு அதிக அழுத்தம் கொடுத்தால் சிப் சீக்கிரம் தேயும். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் அளவுக்கு மீறிய மின்னழுத்தம் சிக்கலானதும், 2024இல் மைக்ரோகோட் (பிராசசருக்குள் ஓடும் அடிப்படைக் கட்டளைகள்) திருத்தம் வந்தது. உத்தரவாதமும் இரண்டு ஆண்டு நீண்டது. ஏற்கெனவே தேய்ந்த சிப்பை அந்தத் திருத்தம் மீட்காது.

பிழையைத் தாங்கவே முடியாத இடங்களில் வேகத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். காரின் பிரேக், ஏர்பேக் சிப்புகள் பலவற்றில் இரண்டு கோர்கள் ஒரே வேலையைச் செய்ய, விடைகள் ஒவ்வொரு படியிலும் ஒப்பிடப்படும். இரண்டு கோருக்கான இடமும் மின்சாரமும் போகும், கிடைப்பது ஒரு கோரின் வேகம்.

சர்வருக்கு, பிழையைத் தானே திருத்தும் இசிசி மெமரி கட்டாயம் வேண்டும் என்பேன். வழக்கமான அமைப்பில் 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்து, ஒரு பிட் பிழையைத் திருத்தும், இரண்டு பிட் பிழையைக் கண்டுபிடிக்கும். டிடிஆர்5 வகை மெமரி சிப்புக்குள்ளேயே இருக்கும் இசிசி இதற்கு ஈடில்லை. சிப்பிலிருந்து பிராசசர் வரையிலான பாதையை அது காக்காது. எந்த இசிசியும் கோர் போடும் கணக்கைச் சரிபார்க்காது. அதனால் முக்கியமான தரவின் செக்சத்தை வேறொரு மெஷினில் சரிபாருங்கள். மதர்போர்டு தானாக ஏற்றிவைக்கும் மின் வரம்புகளை பிராசசர் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறக்குங்கள். மின்னழுத்தத்தைக் குறைத்துவிட்டு, “கேம் ஓடுகிறதே, சரி” என்று விட்டுவிடாதீர்கள்.

17ஆம் கோரை முடக்க ஐந்து நிமிடம் ஆனது. அதுவரை அந்த சர்வர் எழுதிய இரண்டு மாத பேக்கப்களை வேறு மெஷினில் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஒன்பது நாள் ஆனது.