கிரிக்கெட் நேரலையில் நொறுக்குத்தீனி விளம்பரம்: சட்டம் எதைத் தடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது

ஐ.பி.எல். போட்டிகளில் பெரும்பாலானவை இரவு 7.30 மணிக்குத் தொடங்குகின்றன. வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டோ, பாதியில் விட்டுவிட்டோ பிள்ளைகள் தொலைக்காட்சி முன் உட்காரும் நேரம் அது. ஓவர்களுக்கு இடையிலும், ஒவ்வோர் இன்னிங்ஸிலும் இரண்டு முறை விடப்படும் இரண்டரை நிமிட இடைவேளையிலும் சிப்ஸ், கோலா, சாக்லேட் விளம்பரங்கள் மாறி மாறி வருகின்றன. குழந்தைகளுக்கு நொறுக்குத்தீனி விளம்பரம் காட்டக் கூடாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டதாகச் செய்தி படித்த பெற்றோருக்கு, பிறகு இவை எப்படி ஒளிபரப்பாகின்றன என்ற கேள்வி எழுவது இயல்பு. அந்த விதி உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது எழுதப்பட்டிருக்கும் விதத்தில் கிரிக்கெட் நேரலை அதன் வரம்புக்கு வெளியே நின்றுவிடுகிறது. வரம்புக்குள் வரும் சில பகுதிகளும் இருக்கின்றன. அவற்றைப் பெற்றோர் பலர் அறிந்திருப்பதில்லை.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை மாதம் நடைமுறைக்கு வந்தபோது, அதன் கீழ் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் என்ற அமைப்பும் உருவானது. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுப்பதற்கான வழிகாட்டுதல்களை இந்த ஆணையம் 2022 ஜூன் மாதம் வெளியிட்டது. அச்சு, தொலைக்காட்சி, இணையம் என எந்த ஊடகத்தில் வரும் விளம்பரமாக இருந்தாலும் அவை பொருந்தும் என்பதால், போட்டியைக் கைப்பேசிச் செயலியில் பார்ப்பவர்களுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. குழந்தைகளை நோக்கிய விளம்பரங்களைப் பற்றிப் பேசுவது இந்த வழிகாட்டுதல்களின் 8-ஆவது பிரிவு.

அந்தப் பிரிவில், சிப்ஸ், கார்பன் ஏற்றிய குளிர்பானங்கள், இவை போன்ற பிற தின்பண்டங்கள், பானங்கள் ஆகியவற்றின் விளம்பரங்களைக் குழந்தைகளுக்கான நிகழ்ச்சியின்போதோ, குழந்தைகளுக்கு மட்டுமேயான சேனலிலோ ஒளிபரப்பக் கூடாது என்று ஒரு வாசகம் இருக்கிறது. நேரடியான தடை இது ஒன்றுதான். கார்ட்டூன் சேனலில் சிப்ஸ் விளம்பரம் வந்தால் அது விதிமீறல் என்பதில் ஐயமில்லை. கிரிக்கெட் போட்டியோ எல்லா வயதினருக்குமான நிகழ்ச்சி. சட்டத்தின் கண்ணில் அது குழந்தைகளுக்கான நிகழ்ச்சி ஆகாது. பார்ப்பவர்களில் இத்தனை பங்கு குழந்தைகளாக இருந்தால் அது குழந்தைகளுக்கான நிகழ்ச்சியாகக் கொள்ளப்படும் என்பது போன்ற அளவுகோல் எதையும் வழிகாட்டுதல்கள் வகுக்கவில்லை. எனவே ஒரு கார்ட்டூன் தொடரைப் பார்ப்பதைவிட அதிகமான பிள்ளைகள் ஒரு இறுதிப் போட்டியைப் பார்த்தாலும், தடை கார்ட்டூனுக்கு மட்டுமே பொருந்தும். விதியின் மிகப் பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கருத்து. யார் பார்க்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, நிகழ்ச்சிக்கு என்ன பெயர் என்பதை வைத்து இங்கே கோடு கிழிக்கப்பட்டிருக்கிறது.

விளையாட்டு வீரர்கள் விளம்பரத்தில் நடிப்பதைப் பற்றியும் அதே பிரிவில் ஒரு விதி உண்டு. இசை, விளையாட்டு, திரைப்படத் துறைகளைச் சேர்ந்த பிரபலங்களை, சட்டப்படி விளம்பரத்தில் உடல்நல எச்சரிக்கை தேவைப்படும் பொருள்களுக்கோ, குழந்தைகளால் வாங்க முடியாத பொருள்களுக்கோ, குழந்தைகளை நோக்கிய விளம்பரங்களில் தோன்றச் செய்யக் கூடாது என்கிறது அது. கோலா விளம்பரத்தில் எச்சரிக்கை வாசகம் இடம்பெற வேண்டும் என்று இன்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை; பத்து வயதுப் பிள்ளை கடைக்குப் போய் அதை வாங்குவதற்கும் தடை இல்லை. ஆகவே வீரர்கள் அந்த விளம்பரங்களில் தாராளமாக வருகிறார்கள். மறுப்பது தனிப்பட்ட வீரரின் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. 2001-இல் ஆல் இங்கிலாந்து பாட்மின்டன் பட்டம் வென்ற புல்லேலா கோபிசந்த் குளிர்பான விளம்பர வாய்ப்பை ஏற்க மறுத்தார். தான் குடிக்காத பானத்தை மற்றவர்களைக் குடிக்கச் சொல்ல மாட்டேன் என்ற நிலையை எடுத்த விராட் கோலி, 2017-இல் ஒரு பெரிய கோலா நிறுவனத்துடனான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. இவை போற்றத்தக்க முடிவுகள்தாம். ஆனால் கோடிக்கணக்கான பிள்ளைகளின் உடல்நலத்தை ஓரிரு வீரர்களின் பெருந்தன்மையை நம்பி விட்டுவிட முடியாது.

நேரலையிலும் செல்லுபடியாகும் விதிகள்

எந்த நிகழ்ச்சியின்போது ஒளிபரப்பக் கூடாது என்ற தடை கிரிக்கெட்டைத் தொடாவிட்டாலும், விளம்பரத்தின் உள்ளடக்கம் பற்றிய தடைகள் தொடுகின்றன. 8-ஆவது பிரிவின் தொடக்கமே, குழந்தைகளை நோக்கிப் பேசும் அல்லது குழந்தைகளைப் பயன்படுத்தும் விளம்பரங்கள் எவை எவற்றைச் செய்யக் கூடாது என்ற நீண்ட பட்டியல்தான். விளம்பரம் எந்த நிகழ்ச்சியின் நடுவே வருகிறது என்பது இங்கே பொருட்டல்ல. ஒரு பானத்தைக் குடித்தால் அறிவுக்கூர்மையோ உடல்வலிமையோ கூடும் என்று தகுந்த அறிவியல் ஆதாரம் இல்லாமல் சொல்லக் கூடாது. அதை வாங்காத பிள்ளையை மற்றவர்கள் கேலி செய்வார்கள் என்றோ, அந்தப் பிள்ளை மதிப்புக் குறைந்தது என்றோ உணர்த்தக் கூடாது. பெற்றோரை வாங்கித் தரச் சொல்லி வற்புறுத்துமாறு பிள்ளைகளை நேரடியாகத் தூண்டக் கூடாது. 'வெறும்', 'மட்டுமே' போன்ற சொற்களைப் போட்டு விலையைக் குறைவாகத் தோன்றச் செய்யக் கூடாது. பாக்கெட்டுக்குள் கிரிக்கெட் அட்டையோ பொம்மையோ வைத்துப் பிள்ளைகளைத் தேவையின்றி வாங்கத் தூண்டும் பரிசுத் திட்டங்களையும் வழிகாட்டுதல்கள் ஊக்குவிக்கவில்லை.

பிள்ளைகள் வழக்கமாக உண்ணும் இயற்கையான அல்லது பாரம்பரியமான உணவைவிடத் தம் பொருள் மேலானது என்ற எண்ணத்தைக் குழந்தைகளை நோக்கிய விளம்பரம் உண்டாக்கக் கூடாது என்பதும் இதே பிரிவில் இருக்கிறது. இந்த விதியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும். மாலையில் வீட்டில் தரும் சுண்டலையும் வேர்க்கடலையையும் மோரையும் பார்த்து முகம் சுளிக்கும் சிறுவன், ஒரு பாக்கெட்டைப் பிரித்ததும் துள்ளிக் குதிப்பதாக ஒரு விளம்பரம் காட்டினால், அது வெறும் நகைச்சுவைக் காட்சி என்று கடந்துபோக வேண்டியதில்லை. அது விதிக்கு முரணானது என்று புகார் எழுதலாம்.

இவற்றுடன், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர ஒழுங்குமுறைகளும் உண்டு. ஓர் உணவை அளவுக்கு மீறி உண்ணத் தூண்டுவதையும், நலமான வாழ்க்கைமுறையின் முக்கியத்துவத்தைக் குறைத்துக் காட்டுவதையும், தனி அனுமதி இல்லாமல் ஓர் உணவுப் பொருளை ஒருவேளைச் சாப்பாட்டுக்கு மாற்றாகச் சித்திரிப்பதையும் அவை தடுக்கின்றன.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. நான்கு நண்பர்கள் சோபாவில் அமர்ந்து போட்டி பார்க்கிறார்கள், சிக்ஸர் பறக்கிறது, சிப்ஸ் பாக்கெட் கைமாறுகிறது, பின்னணியில் பாட்டு ஒலிக்கிறது. இதில் பொய் இல்லை, வாக்குறுதி இல்லை, குழந்தை நடிகரும் இல்லை. ஆகவே எந்தப் பிரிவாலும் இதைப் பிடிக்க முடியாது. கிரிக்கெட் பார்ப்பதென்றால் கையில் இது இருக்க வேண்டும் என்ற பழக்கத்தைப் பிள்ளைகளின் மனத்தில் பதிய வைப்பதில் இந்த வகை விளம்பரமே மிகவும் வலியது. எல்லைக்கோட்டுப் பலகைகளிலும் ஆட்டத்தின் நடுவே திரையோரத்திலும் தோன்றும் சின்னங்களும் இப்படிப்பட்டவையே. 2013 முதல் 2015 வரை ஐ.பி.எல். தொடரின் பெயருக்கு முன்னால் பெப்சியின் பெயர் இருந்தது. சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலுடன் கோகோ கோலா நிறுவனம் செய்துகொண்ட ஒப்பந்தம் 2031 வரை நீள்கிறது. இவை எதுவும் சட்டவிரோதம் அல்ல.

புட்டியின் பின்பக்கம்

விளம்பரத்தில் சொல்லப்படாதது புட்டியின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. 100 மில்லிக்கு எவ்வளவு சர்க்கரை என்பதை உற்பத்தியாளர் குறிப்பிட்டே ஆக வேண்டும். அந்த இடத்தில் 10 கிராம் என்று இருந்தால், 600 மில்லி புட்டியில் இருப்பது 60 கிராம். ஒரு நாளைக்கு 2,000 கலோரி உண்ணும் பெரியவரின் ஆற்றலில் சேர்க்கப்பட்ட சர்க்கரையின் பங்கை 5 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. அது சுமார் 25 கிராம். பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. சிப்ஸ் பாக்கெட்டில் பார்க்க வேண்டியது சோடியம். ஒரு நாளைக்கான மொத்த உப்பு 5 கிராமுக்குள், அதாவது சோடியம் ஏறத்தாழ 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். பெரிய எழுத்தில் 'ஒரு பரிமாறலுக்கு' (ஒருமுறை உண்ணும் அளவுக்கு) என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு பாக்கெட்டில் எத்தனை பரிமாறல் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இம்மாநிலப் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள்.

புகார் செய்யும் வழி

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதன் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, தவறாக வழிநடத்தும் விளம்பரம் பற்றிய புகாரை மாவட்ட ஆட்சியரிடமே எழுத்து மூலமாகவோ மின்னணு முறையிலோ கொடுக்க வழிசெய்கிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் பட்டாவுக்காகவும் ஓய்வூதியத்துக்காகவும் மனு கொடுப்பதைப் போல இதற்கும் கொடுக்கலாம். உணவின் தரம், ஊட்டம் பற்றிய பொய்யான கூற்று என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரை அணுகலாம். விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலும் பொதுமக்களிடமிருந்து புகார்களைப் பெறுகிறது.

மனுவில், பொதுவாக மனம் வருந்தி எழுதுவதைவிடத் திட்டவட்டமாக எழுதுவது பயன் தரும். எடுத்துக்காட்டாக: "இன்ன தேதியில், இன்ன சேனலில் ஒளிபரப்பான போட்டியின் முதல் இன்னிங்ஸில் 12-ஆவது ஓவர் முடிந்ததும் வந்த இன்ன பானத்தின் விளம்பரத்தில், அதைக் குடித்த சிறுவன் உடனே மற்ற எல்லாரையும்விட வேகமாக ஓடுவதாகக் காட்டப்பட்டது. இதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் விளம்பரத்தில் சுட்டப்படவில்லை. இது 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களின் 8-ஆவது பிரிவுக்கு முரணானது." விளம்பரத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து, பாக்கெட்டின் பின்பக்கப் படத்தையும் இணைத்தால் விசாரிப்பவருக்கு வேலை எளிதாகும்.

பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று நிறுவப்பட்டால், பொருளைத் தயாரித்தவருக்கும் விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதிக்கலாம். பரிந்துரைத்த பிரபலத்தை ஓராண்டு வரை, மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரை எந்தப் பொருளையும் பரிந்துரைக்கக் கூடாது என்று தடுக்கவும் அதிகாரம் உண்டு.

பள்ளியைப் பொறுத்தவரை விதி இன்னும் கடுமையானது. நிறைவுற்ற கொழுப்பு, டிரான்ஸ் கொழுப்பு, சேர்க்கப்பட்ட சர்க்கரை, சோடியம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்று 2020-இல் அறிவிக்கப்பட்ட ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. எனவே பள்ளி மைதானத்தில் நடக்கும் விளையாட்டு விழாவில் கோலா நிறுவனத்தின் பதாகை தொங்கினால் தலைமையாசிரியரிடம் உடனே கேட்கலாம். தொலைக்காட்சியில் இல்லாத பாதுகாப்பு அங்கே இருக்கிறது.

அடுத்து என்ன வரக்கூடும்

விளையாட்டிலிருந்து ஒரு பொருளின் விளம்பரத்தை வெளியேற்றுவது நடக்காத காரியம் அல்ல. 1996 உலகக் கோப்பைக் கிரிக்கெட் தொடர் ஒரு சிகரெட்டின் பெயரைத் தாங்கி நடந்தது. 2003-இல் வந்த புகையிலைப் பொருள்கள் சட்டத்துக்குப் பிறகு அப்படி ஒன்று நடக்க இடமில்லை. நொறுக்குத்தீனிக்கு அத்தகைய சட்டம் இந்தியாவில் இல்லை. சிலி நாட்டில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை இத்தகைய உணவு விளம்பரங்களுக்குத் தொலைக்காட்சியில் தடை உண்டு. பிரிட்டனில் 2026 ஜனவரி 5 முதல் காலை 5.30 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடையே தடை நடைமுறையில் இருக்கிறது. இவ்விரு நாடுகளும் நிகழ்ச்சியின் பெயரைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்ப்பதால், அந்த நேரத்தில் நடக்கும் நேரலைப் போட்டிகளும் பெரும்பாலும் தடைக்குள் வந்துவிடுகின்றன.

இந்தியாவில் 2026 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பொருளாதார ஆய்வறிக்கையும் அதே வழியைச் சுட்டுகிறது. மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவுகளின் விளம்பரங்களைக் காலை 6 மணி முதல் இரவு 11 மணி வரை எல்லா ஊடகங்களிலும் தடுப்பது பற்றிப் பரிசீலிக்கலாம் என்பது அதன் யோசனை. அது யோசனையே, சட்டம் அல்ல. பாக்கெட்டின் முன்பக்கத்தில் எச்சரிக்கை அச்சிடுவது பற்றிய வழக்கிலும் உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் அரசுக்குக் காலக்கெடு விதித்தது. முன்பக்க எச்சரிக்கை வந்தால் மட்டும் போதாது. அதே எச்சரிக்கை விளம்பரத்திலும் இடம்பெற வேண்டும் என்று சட்டம் சொன்னால்தான், வீரர்களைப் பற்றிய 8-ஆவது பிரிவின் விதி இந்தப் பொருள்களுக்கும் பொருந்தத் தொடங்கும். ஆய்வறிக்கையின் நேரத்தடை சட்டமானாலோ, இரவு 7.30 மணிக்குத் தொடங்கும் போட்டி ஏறத்தாழ முழுமையாக அதற்குள் வந்துவிடும்.