மாறியது பெயரா, சரமா?

ரூபி என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல்களைப் பரிசீலிக்கும்போது, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு வரிகளில் நான் எப்போதும் நின்று படிப்பது வழக்கம். ஒன்று `பெயர் += "விழி"`; மற்றொன்று `பெயர் << "விழி"`. `பெயர்` என்ற மாறியில் "கயல்" இருந்தால், எந்த வரியை இயக்கினாலும் அச்சில் "கயல்விழி" என்றே வரும். ஆனால் அதற்கு முன்பே `இன்னொன்று = பெயர்` என்று எழுதியிருந்தால், முதல் வரிக்குப் பிறகு `இன்னொன்று` "கயல்" ஆகவே இருக்கும்; இரண்டாவது வரிக்குப் பிறகு, நாம் தொடாத அந்த மாறியும் "கயல்விழி" ஆகிவிட்டிருக்கும்.

ரூபியில் மாறி, சரத்தை (எழுத்துகளின் தொடரை) தனக்குள் வைத்திருப்பதில்லை. நினைவகத்தில் உள்ள சரத்தைச் சுட்டுகிறது, அவ்வளவுதான். `=` குறி எதையும் நகலெடுக்காமல், அதே சரத்துக்கு இன்னொரு பெயரைத் தருகிறது. `+=` புதிய சரம் ஒன்றை உருவாக்கி, பெயரை அதன் பக்கம் திருப்புகிறது. `<<` பழைய சரத்தையே திருத்துவதால், அதைச் சுட்டும் எல்லாப் பெயர்களிலும் மாற்றம் தெரியும். சரத்தின் அடையாள எண்ணான ஆப்ஜெக்ட் ஐடியை இரு வரிகளுக்கும் முன்னும் பின்னும் அச்சிட்டுப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

உண்மையான ஆபத்து, பெயர் சொல்லி அழைத்து இயக்கும் நிரல் பகுதிகளான மெத்தடுகளின் எல்லையில்தான் தொடங்குகிறது. மெத்தடுக்கு அனுப்பப்படும் சரம், அழைத்தவரிடம் உள்ள அதே சரம். உள்ளே `<<` எழுதினால் அழைத்தவருடைய தரவும் சேர்ந்தே மாறும். இதில் மிகவும் கவலைக்குரியது, மதிப்பு மாறக்கூடாது என்று வைக்கும் பெயரான மாறிலி. மாறிலிக்குப் புதிய மதிப்பைத் தந்தால் ரூபி எச்சரிக்கும். அது சுட்டும் சரத்தை `<<` கொண்டு நீட்டினால் எந்த எச்சரிக்கையும் வராது. பதிவுக் குறிப்பின் முன்னொட்டாக வைத்த மாறிலியோடு ஒவ்வொரு கோரிக்கையிலும் பயனர் எண்ணை இப்படி ஒட்டினால், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்வரை அந்த முன்னொட்டு வளர்ந்துகொண்டே போகும். ஒருவருடைய எண் இன்னொருவருடைய பதிவில் தோன்றும். மெத்தடை ஒரே ஒருமுறை அழைத்துப் பார்க்கும் சோதனை இதைக் காட்டிக்கொடுக்காது.

ஆச்சரியக்குறியை மட்டும் நம்புவதும் போதாது. `அப்கேஸ்!`, `ஸ்ட்ரிப்!` போன்றவை சரத்தையே மாற்றும் என்று பலருக்கும் தெரியும். ஆனால் ரிப்ளேஸ், இன்செர்ட், கான்கேட், கிளியர் ஆகியவை அந்தக் குறி இல்லாமலேயே மாற்றுகின்றன. மேலும், நீக்குவதற்கு இடைவெளியே இல்லையென்றால் `ஸ்ட்ரிப்!` 'எதுவுமில்லை' எனப் பொருள்படும் நில் என்ற மதிப்பைத் திருப்பித் தரும். அதன் விடைமேல் இன்னொரு மெத்தடைத் தொடராக எழுதியிருந்தால் பிழை வரும். சரத்தின்மேல், எதையும் சரமாக்கித் தரும் டூ_எஸ் மெத்தடை அழைத்தாலும் நகல் கிடைப்பதில்லை; அதே சரம்தான் திரும்ப வருகிறது. மூன்று இடங்கள் கொண்ட அர்ரேயை (வரிசைப் பட்டியலை) ஒரே வெற்றுச் சரத்தால் நிரப்பினாலும் இதே கதைதான்: ஓரிடத்தில் `<<` எழுதினால் மூன்று இடங்களும் மாறும். ஒவ்வோர் இடத்துக்கும் தனிச் சரம் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் புதிதாக இயங்கும் நிரல் துண்டான பிளாக் கொடுக்க வேண்டும்.

வெளியிலிருந்து வந்த சரத்தைத் திருத்த வேண்டியிருந்தால், முதலில் டப் செய்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். மாறிலிச் சரங்களை ஃப்ரீஸ் செய்து, மாற்ற முடியாதபடி உறையவைத்துவிடுங்கள். உறைந்த சரத்தை மாற்ற முயன்றால் ரூபி 2.5 முதல் ஃப்ரோசன்எரர் என்ற தனிப் பிழை எழுகிறது. தவறு நடந்த வரியிலேயே பிடிபடும். கோப்பில் நேரடியாக எழுதிய சரங்களை ஒட்டுமொத்தமாக உறையவைக்கும் தலைப்புக் குறிப்பு 2.3 பதிப்பிலேயே வந்துவிட்டது. ஆனால் ரூபி 3.0 முதல், இடையில் மதிப்பு செருகிய சரங்களை அது உறையவைப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத கோப்புகளில் நேரடியாக எழுதிய சரத்தை மாற்றினால், வழக்கொழியும் வசதிகளுக்கான எச்சரிக்கையை இயக்கியிருக்கும்போது 3.4 பதிப்பு அதைச் சுட்டிக்காட்டுகிறது.

இதனால் `<<` கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான வரிகளைச் சுழற்சியில் ஒரே சரமாகச் சேர்க்கும்போது, `+=` ஒவ்வொரு முறையும் அதுவரை சேர்ந்த அனைத்தையும் புதிதாக நகலெடுக்கும்; அங்கே `<<` தான் பொருத்தம். அந்தச் சரத்தை மெத்தடுக்குள்ளேயே `+""` என்று தொடங்கினால், உறைவுக் குறிப்பு உள்ள கோப்பிலும் அது திருத்தக்கூடிய புதிய சரமாகவே கிடைக்கும்.