"பத்த வைக்கவே இல்ல சார்"

இந்த ஒரு வரிய எத்தன தடவ கேட்டிருப்பேன்னு எனக்கே தெரியல. கையில துண்ட சுத்திக்கிட்டு வருவான், துண்டு பூரா ரத்தம், கூட வந்த ஃபிரண்டுக்கு மூஞ்சி வெளுத்துப்போயிருக்கும், "பத்த வைக்கவே இல்ல சார், சும்மா உக்காந்து பட்டாசு செஞ்சிக்கிட்டுதான் இருந்தோம்". போன வாரம் வந்தவன் திருமங்கலம் பக்கம், காலேஜ் ரெண்டாவது வருஷம். மதுரையில கை ஆபரேஷன் பண்றதுதான் என் பொழப்பு, அதனால தீபாவளி, கார்த்திகை, ஊர்த் திருவிழான்னாலே எனக்கு வயித்தக் கலக்கும்.

ரோமன் கேண்டில் தெரியும்ல, ஒரு குழாய்லேர்ந்து கலர் கலரா உருண்டை ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா மேல கிளம்புமே. பேரக் கேட்டா என்னமோ மெழுகுவத்தி மாதிரி இருக்கு, அதான் பயலுகளுக்கு தைரியம். வீடியோ பாத்து வீட்டுலயே செய்றாய்ங்க. இவனும் மொட்டமாடியில, மடியில வச்சு. இடது கட்டவெரலும் பக்கத்து வெரலும் போச்சு, கண்ணுலயும் துகள் ஏறிருச்சு. கட்டவெரல் ஒண்ணு மட்டுமே கையோட வேலையில 40 சதவீதம்னு எங்க பாடத்துல சொல்லுவாங்க. சட்ட பட்டன் போட்டுப் பாருங்க அது இல்லாம.

இப்ப எனக்கு எரிச்சல் வர்ற விஷயத்துக்கு வர்றேன். எல்லாரும் ஆபத்து பத்த வைக்கும்போதுதான்னு நெனைக்கிறாங்க. வாளியில தண்ணி, நீள ஊதுவத்தி, பத்தடி தள்ளி நிக்கிறதுன்னு பூரா ஏற்பாடும் கடைசி அஞ்சு நிமிஷத்துக்குத்தான். அதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் வெடிமருந்த மடியில வச்சிக்கிட்டு குனிஞ்சு உக்காந்திருக்கானே, அப்ப தூரம் எவ்வளவு? ஒரு சாண். உராய்வு போதும், ஒரு தட்டு போதும், பாலியஸ்டர் சட்டை உரசி வர்ற சின்ன மின்சாரம், ஸ்டேட்டிக்னு சொல்லுவாங்களே, அது போதும், தீக்குச்சியே வேணாம். "கொஞ்சூண்டுதான் சார்"னு சொல்லுவாய்ங்க. கைக்குள்ள வெடிக்கிறதுக்கு கொஞ்சூண்டே தாராளம்பா.

அடுத்து, "சிவகாசியிலயும் கையாலதான சார் செய்றாங்க?" ஆமா, கையாலதான். ஆனா தனித்தனி ரூம்பு, மருந்து கலக்குற, அடைக்கிற ரூம்புல இத்தன பேருக்கு மேல கூடாதுன்னு கணக்கு, இவ்வளவு மருந்துக்கு மேல வைக்கக் கூடாதுன்னு கணக்கு, ஸ்டேட்டிக் எறங்கத் தனி ஏற்பாடு. இம்புட்டும் இருந்தும் 2012 செப்டம்பர்ல முதலிப்பட்டி பட்டாசு ஆலையில முப்பதுக்கும் மேல செத்தாங்க, 2021 பிப்ரவரியில அச்சங்குளம் ஆலையிலயும் வெடிச்சு பல பேரு செத்தாங்க. பொழப்புக்காக அந்த வேலை பாக்குறவங்களுக்கே இந்த கதின்னா, லீவு நாள்ல பொழுதுபோக்குக்கு செய்ற உனக்கு என்ன தம்பி?

ஒரு தாத்தா, "நாங்கள்லாம் கார்த்திகைக்கு மாவளி செய்யலையா"ன்னு சண்டைக்கே வந்துட்டாரு. அய்யா, மாவளி பனம்பூக் கரி. சுத்தச் சுத்த பொறி பறக்கும், அவ்வளவுதான். அதையும் இதையும் ஒண்ணாச் சேக்காதீங்க.

சட்டமும் தெரிஞ்சுக்கோங்க, லைசென்ஸ் இல்லாம செஞ்சா 1884 வெடிபொருள் சட்டப்படி 3 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. இதுக்குப் பயந்துதான் பாதிப்பேரு "குக்கர் வெடிச்சிருச்சு"ன்னு வர்றாங்க. எங்களுக்குத் தெரியாமயா இருக்கும்? பொய் சொல்லாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். என்ன வெடிச்சுதுன்னு தெரிஞ்சாத்தான் உள்ள என்ன குத்தியிருக்கும், எந்த எக்ஸ்ரே எடுக்கணும், கண் டாக்டரக் கூப்பிடணுமான்னு நாங்க முடிவு பண்ண முடியும். போலீசுக்குச் சொல்றது எங்க கடமை, சொல்லித்தான் ஆகணும், ஆனா அதுக்காக யாருக்கும் வைத்தியம் பாக்காம இருக்க மாட்டோம்.

ஒருவேள நடந்துருச்சுன்னா: தீப்புண்ணுக்கு குழாய்த் தண்ணி, 20 நிமிஷம், ஐஸ் கூடாது. இங்க், பேஸ்ட், மாவு எதையும் அப்பாதீங்க, அதச் சொரண்டி எடுக்குறதுலயே எங்களுக்கு அரை மணி நேரம் போகுது. மோதிரம், காப்பு, கையில அஞ்சாறு சுத்து கட்டியிருக்கீங்களே கோயில் கயிறு, எல்லாத்தையும் உடனே கழட்டுங்க, வெட்டியாவது எடுங்க, கை வீங்கினா அதுவே கழுத்த நெரிக்கிற மாதிரி நெரிக்கும். ரத்தம் வந்தா சுத்தமான துணி வச்சு அழுத்திப் பிடிச்சு கைய ஒசத்தி வைங்க. கண்ணுல பட்டிருந்தா கசக்காதீங்க, அழுத்தாதீங்க, ஒரு பேப்பர் கப்ப மேல மூடி கூட்டிட்டு வாங்க. 108க்கு போன் போடுங்க.

வெரல் துண்டாயிருந்தா ஈரத்துணியில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு கட்டி, அந்த கவர ஐஸ் தண்ணியில வைங்க. இந்தப் பையனோட மாமா வழியில ஜிகர்தண்டா கடையில ஐஸ் வாங்கி வெரல நேரா அதுக்குள்ளயே பொதச்சு கொண்டாந்தாரு, பாவம், நல்ல மனசோடதான். ஐஸ் நேரா பட்டா சதை செத்துரும். வெடியில போன வெரல் நசுங்கிப்போயிருக்கும், பெரும்பாலும் சேக்க முடியாது, இருந்தாலும் அந்த முடிவ எங்ககிட்ட விடுங்க.

கடையில வாங்கினதுன்னாலும் கையில பிடிச்சு விடாதீங்கப்பா. மணல்ல நட்டு வைங்க, வெடிக்கலன்னா கிட்டப்போயி குனிஞ்சு பாக்காதீங்க, கொஞ்ச நேரம் கழிச்சு தண்ணி ஊத்துங்க, புஸ்ஸுன்னு போனதப் பிரிச்சு மருந்து சேக்காதீங்க.

மறுநாள் அந்தப் பையனோட அப்பா போன் பண்ணாரு. மீதி மருந்து இன்னும் மொட்டமாடியிலயே கெடக்காம், கூட்டி அள்ளி குப்பையில போட்டுரட்டுமான்னு கேட்டாரு. தொடாதீங்க, கூட்டாதீங்க, பிள்ளைகள மேல விடாதீங்க, தீயணைப்புக்கு 101ல போன் போடுங்கன்னேன். "கேஸ் ஆயிருமே சார்"னாரு. ஆகட்டும், போடுங்கன்னேன்.