பத்து டிகிரியில் யாருக்காவது விறைக்குமா?

செப்டம்பர் பாதி தாண்டினால் கொலராடோவில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரே போக்கிடம்தான்: ராக்கி மவுண்டன் தேசியப் பூங்கா. ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகிப் பளபளக்கும், எல்க் மான்கள் புல்வெளியில் நின்று கூவும், பேர் லேக் என்ற ஏரியின் கரையில் எடுத்த படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பிக்கும். தாராளமாகப் போங்கள். நானும் போகிறவன்தான். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறவனுக்கு இந்த சீசன் வந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

சமீபத்தில் ஒருவரை அழைத்து வந்தார்கள். அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டியவர், நோய்நொடி எதுவும் இல்லை. காலையில் நல்ல வெயில். பருத்தி டி-ஷர்ட், ஜீன்ஸ், கையில் ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். பேர் லேக்கிலிருந்து பிளாட்டாப் மலைக்கு ஏறியிருக்கிறார்கள். ஏற்றத்தில் வியர்த்துச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மரங்கள் முடிகிற இடத்துக்கு மேலே காற்று பிடித்துக்கொண்டது, அப்புறம் ஆலங்கட்டி கலந்த மழை. இறங்கும் வழியில் மனைவியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்திருக்கிறார். சமதரையிலேயே தடுக்கித் தடுக்கி விழுந்திருக்கிறார். அசதி என்று நினைத்துக்கொண்டார்கள். எங்களிடம் வந்தபோது உடலின் உள்வெப்பம் 33 டிகிரி (இங்கே எல்லாமே செல்சியஸ் கணக்கு). வழியில் யாரோ போட்டுவிட்ட ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னோம். ஜிப்பின் நுனியை விரலால் பிடிக்க முடியவில்லை அவரால். பிடிப்பதாக நினைத்துக்கொண்டு காற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

அவர் மனைவி கேட்டார்: "பனியே விழலையே டாக்டர். மேலே பத்து டிகிரிதான் இருந்தது. பத்து டிகிரியில் எப்படி இப்படி ஆகும்?"

இந்தக் கேள்வியை எத்தனை பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்! அதனால் இதை மட்டும் பொறுமையாக எழுதிவிடுகிறேன்.

தண்ணீர் உறைவதற்குத்தான் பூஜ்யம் டிகிரி வேண்டும். உங்கள் உடம்பு குளிர்ந்து போவதற்கு வேண்டாம். விரலும் மூக்கும் உறைந்து கருகுவது வேறு நோய், அதற்குப் பூஜ்யத்துக்குக் கீழே போகவேண்டும். ஹைப்போதெர்மியா என்பது உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது. உடம்பு 37-ல் ஓடுகிற இயந்திரம், வெளியே பத்து. இடையில் 27 டிகிரி வித்தியாசம் இருக்கிறது. தோலுக்கும் துணிக்கும் நடுவே உலர்ந்த, அசையாத காற்று நிற்கும்வரை அந்த வித்தியாசம் உங்களை ஒன்றும் செய்யாது. துணி நனைந்ததும் அந்தக் காற்றின் இடத்தில் தண்ணீர் வந்துவிடுகிறது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மேலே காற்றும் அடித்தால், ஈரம் ஆவியாகும்போது இன்னும் கொஞ்சம் வெப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். நனைத்தது மழையா, வியர்வையா என்று உடம்பு பார்ப்பதில்லை. உலர்ந்த குளிர்காலத்தில் நன்றாகப் போர்த்திக்கொண்டு வருகிறவரைவிட, இலையுதிர்காலத்தில் டி-ஷர்ட்டோடு நனைகிறவரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். டிசம்பரில் யாரும் அசட்டையாகப் போவதில்லை. செப்டம்பரில் எல்லாரும் போகிறார்கள்.

அந்தப் பத்து டிகிரி ஒன்றும் எதிர்பாராததும் அல்ல. கொலராடோவின் தலைநகர் டென்வர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பேர் லேக் 2,880. பிளாட்டாப் உச்சி 3,756. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். டென்வரில் 24 என்று போன் காட்டினால் உச்சியில் பத்துதான் இருக்கும், அதுவும் மழையும் காற்றும் வராமல் இருந்தால். போனில் டென்வர் வானிலையைப் பார்த்துவிட்டு மலை ஏறாதீர்கள். இந்த மலையில் செப்டம்பரிலேயே பனி விழுவதும் அதிசயமில்லை. போதாததற்கு, மலைத்தொடரின் முதுகு பேர் லேக்குக்கு மேற்கே இருக்கிறது. ஊரில் சூரியன் மறைவதற்கு வெகுநேரம் முன்பே பாதையில் நிழல் விழுந்துவிடும்.

அறிகுறிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடுக்கம், வாய் குழறுதல், தடுமாற்றம், பட்டன் போட முடியாமை, காரணமில்லாத சிடுசிடுப்பு. கூட நடப்பவர் திடீரென்று வழக்கத்துக்கு மாறாக முரண்டு பிடித்தால், சண்டைக்குப் போகாமல் அவர் முதுகைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருக்கிறதா? அங்கேயே நிறுத்துங்கள். உடம்பு நடுங்குவது நல்ல விஷயம், வெப்பம் உண்டாக்க முயல்கிறது என்று அர்த்தம். 32 டிகிரியை ஒட்டி இறங்கும்போது நடுக்கம் அடங்க ஆரம்பிக்கும். "அப்பாடா, நடுக்கம் நின்றுவிட்டது" என்று குடும்பம் நிம்மதி அடைவது சரியாக அந்த நேரத்தில்தான். இன்னும் மோசமானால் சிலர் "புழுங்குகிறது" என்று சட்டையைக் கழற்றுவார்கள். அதை நம்பிவிடாதீர்கள்.

(வீட்டுத் தெர்மாமீட்டரை நம்பிப் பயனில்லை. பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரின் அளவுக்கோடே 35-ல்தான் தொடங்குகிறது. அது காய்ச்சலுக்காகச் செய்தது. நாங்கள் வேறு கருவி போட்டுத்தான் பார்க்கிறோம்.)

செய்யக்கூடாததில் முதலிடம் பிராந்திக்கு. "ஒரு மடக்கு குடித்தால் சூடேறும்" என்று யார் ஆரம்பித்து வைத்தார்களோ! தோலின் ரத்தக்குழாய்கள் விரிவதால் சூடாகத் தோன்றும், உண்மையில் உள்ளே இருக்கும் வெப்பம் வெளியே போகிறது, நடுக்கமும் குறைகிறது. கைகால்களைத் தேய்த்துவிடாதீர்கள். நடுக்கம் நின்றுபோனவரைத் தூக்கி நிறுத்தி நடக்கவைக்காதீர்கள். குளிர்ந்த இதயம் முரட்டுத்தனமான அசைவைக்கூடத் தாங்காமல் தாளம் தப்பிவிடும். படுக்கவைத்து, பதமாகக் கையாண்டு, அவசர எண் 911-ஐ அழையுங்கள். பூங்காவின் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, ஆகவே எதிரே வருகிறவரிடம் சொல்லி அனுப்பவேண்டியிருக்கும். அசைவே இல்லையென்றாலும் நம்பிக்கையை விடாதீர்கள். 1999-ல் நார்வேயில் உறைந்த ஓடைக்குள் சிக்கிய ஒரு பெண் மருத்துவரின் உடல் வெப்பம் 13.7 டிகிரி வரை இறங்கியது, அவர் பிழைத்து மறுபடி வேலைக்கே வந்தார். இப்படிக் குளிர்ந்துபோனவரை, உடம்பைச் சூடாக்கிப் பார்க்காமல் இறந்தவராக நாங்கள் பொதுவாக அறிவிப்பதில்லை.

நடுங்கிக்கொண்டு, பேசிக்கொண்டு இருப்பவர் என்றால் காற்றுபடாத இடத்துக்கு அழைத்துப்போய், ஈரத்துணியைக் கழற்றி, உலர்ந்ததைப் போடுங்கள். தரையில் அப்படியே உட்காரவைக்காதீர்கள், கீழே பையையோ ஜாக்கெட்டையோ விரியுங்கள். தானாகக் கோப்பையைப் பிடித்து விழுங்க முடிந்தால் இனிப்பாக ஏதாவது கொடுங்கள். நடுக்கத்துக்கு எரிபொருள் சர்க்கரைதான். அரைமணி நேரம் பார்த்துவிட்டு, தெளிந்தால் நடக்கலாம்.

புறப்படும் முன் என்ன எடுத்துவைப்பது? பருத்தி வேண்டாம். ஜீன்ஸ் கண்டிப்பாக வேண்டாம், நனைந்தால் அன்றைக்குக் காயாது. உள்ளே பாலியெஸ்டரோ மெல்லிய கம்பளியோ, அதன்மேல் ஃபிளீஸ், பைக்குள் மழை ஜாக்கெட். வானம் நீலமாக இருந்தாலும் ஜாக்கெட்டை எடுங்கள். ஒரு உலர்ந்த சட்டையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வையுங்கள். தொப்பி, கையுறை, நெற்றியில் மாட்டும் விளக்கு. போனைச் சட்டைக்குள் உடம்போடு வையுங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். ஏறும்போது வியர்க்கிறதென்றால் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள், வேகத்தைக் குறையுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவது என்று கீழேயே முடிவுசெய்து, உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த நேரத்தில் திரும்புங்கள். எல்க் மானிடமிருந்து 75 அடியாவது தள்ளி நில்லுங்கள். இணைசேரும் பருவத்தில் அந்த ஆண் மானுக்கு உங்கள் செல்ஃபியைப் பற்றி எந்த அக்கறையும் கிடையாது. அந்தக் காயங்களும் எங்களிடம்தான் வருகின்றன.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை உச்சிக்கு இழுத்துப் போகாதீர்கள். வயதானவர்களுக்கு நடுக்கம் வருவதே குறைவு, குளிர்வதும் அவர்களுக்குச் சட்டென்று தெரிவதில்லை. ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவர்களாக இருந்தால் புறப்படும் முன் அவர்களுடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, நீங்க நடங்க" என்றுதான் அவர்கள் சொல்வார்கள். அதைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பார்க்க வந்தது ஆஸ்பென் இலையைத்தானே? மரங்கள் முடிகிற எல்லைக்கு மேலே ஆஸ்பென் ஏது? பேர் லேக்கைச் சுற்றி ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் பாதை இருக்கிறது, பெரிய ஏற்றம் இல்லை. அதில் மெதுவாக ஒரு சுற்று கூட்டிப்போங்கள். காரில் ஒரு கம்பளியும் பிளாஸ்கில் சூடான டீயும் இருக்கட்டும். டீயில் சர்க்கரை போடலாமா என்று மட்டும் முதலில் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.