ஆப்பசோடாவுக்கு அசையாத உப்புக் கறை

தர்மபுரி, கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்திலிருந்து போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொண்டுவருகிறவர்கள், கூடவே வீட்டுக் குழாயைப் பற்றியும் சொல்வார்கள். ஆப்பசோடா போட்டு எவ்வளவு தேய்த்தாலும் அந்த வெள்ளைக் கறை போவதில்லை என்று. போகாதுதான். தேய்க்கிறவர் மேல் குறை இல்லை.

குழாயிலும் குடத்திலும் கெய்சருக்குள்ளும் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. ஆப்பசோடா ஒரு லேசான காரம். எண்ணெய்ப் பிசுக்கு, டீக்கறை, ஃபிரிட்ஜ் வாடை இதற்கெல்லாம் நல்ல பொருள். சுண்ணாம்பைக் கரைக்க அமிலம்தான் வேண்டும். வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றி அரை மணி நேரம் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். எலுமிச்சைத் தோல், புளித்தண்ணீரும் உதவும். மொசைக், மார்பிள் தரையில் மட்டும் வேண்டாம். அங்கே அமிலம் தரையையே அரித்துவிடும்.

சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டினால் நுரை பொங்கும், ஆனால் ஒன்றை ஒன்று முறித்துவிடுவதால் இரண்டின் வேலையும் கெடும். அப்புறம், அலுமினியப் பாத்திரத்தில் சோடாவை ஊறவிட்டால் கறுத்துப்போகும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஆப்பசோடா, சலவை சோடா, பிளீச்சிங் பவுடர் மூன்றும் வெள்ளைத் தூள். பெயர் எழுதாத டப்பாவில் வைக்காதீர்கள், சலவை சோடாவையும் பிளீச்சிங் பவுடரையும் சமையலறையில் வைக்கவே வேண்டாம். பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவு மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

சரி, கறையே படியாத தண்ணீர் நல்ல தண்ணீரா? நம் மாவட்டங்களில் இந்தக் கணக்கு தப்பாகப் போகும். பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வந்து, அதிகமானால் பல்லையும் எலும்பையும் கெடுக்கிற ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடு ஓர் அளவுக்கு மேல் கரைந்து நிற்காது. கால்சியம் குறைந்து, சோடியம் பைகார்பனேட், அதாவது அதே ஆப்பசோடா உப்பு, மிகுந்த நிலத்தடி நீரில்தான் அது ஏறி நிற்கும். குழாய் பளபளவென்று இருக்கிற வீட்டுப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்தக் கறை எந்தப் பொடி போட்டுத் தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் பல் உருவாகும்போதே உள்ளே ஏறியது. தண்ணீரைக் கொதிக்க வைப்பதாலும் ஃபுளோரைடு குறையாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடும்.

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை சரி. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை ஏற்கலாம். ஒகேனக்கல் குடிநீர் வருகிற வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் அதையே வையுங்கள். போர் தண்ணீர் துவைக்க, கழுவப் போதும். போர் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்றால் ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிடித்து வாருங்கள். பாட்டிலைச் சோடா போட்டுக் கழுவாதீர்கள், முடிவு மாறிவிடும்.