எடிட்டர் வாய் திறக்கவில்லையா? நடுவில் ஓடும் பேச்சைக் கேளுங்கள்

ஐப்பசி மழையில் குன்னூரில் இணையம் இருந்தால் இருக்கும், போனால் இரண்டு நாள் வராது. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து மலை ரயிலையும் நிறுத்தியிருந்த ஒரு வாரத்தில் பக்கத்து வீட்டுத் தம்பி லேப்டாப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தான். "அக்கா, ரஸ்ட் நல்லா ஓடுது, எடிட்டர்லதான் ஒண்ணுமே வரமாட்டேங்குது. மூணு தடவ அழிச்சிட்டுப் போட்டுப் பாத்துட்டேன்." அவன் அப்பா போடும் பச்சைத் தேயிலையின் எடைச் சீட்டுகளைக் கூட்டி மாதக் கணக்குச் சொல்லும் சின்ன புரோகிராம், ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதியது. டெர்மினலில் ரஸ்டின் துணைக் கருவியான கார்கோவைக் கூப்பிட்டு 'கார்கோ ரன்' அடித்தால் ஓடுகிறது. நிரல் எழுதும் ஹீலிக்ஸ் எடிட்டரில் மட்டும் ஒரு பெயரின் மேல் நின்று விளக்கம் கேட்டால் வரவில்லை, புள்ளி வைத்தால் பட்டியல் விழவில்லை, தப்பாக எழுதினாலும் எடிட்டர் கண்டுகொள்ளவில்லை.

அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது பல நேரம் உதவாது, ஏனென்றால் எடிட்டருக்கு ரஸ்ட் தெரியவே தெரியாது. தெரிந்த ஆள் வேறு. ரஸ்ட்-அனலைசர் என்ற தனி புரோகிராம் பின்னால் ஓடுகிறது, எடிட்டர் அதனிடம் கேட்டுக் கேட்டுத்தான் நமக்குக் காட்டுகிறது. இவர்கள் பேசிக்கொள்ளும் முறைக்கு லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால், சுருக்கமாக எல்.எஸ்.பி., என்று பெயர். 2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோடென்வி மூன்றும் சேர்ந்து இதை அறிவித்தன. அதற்கு முன்னால் 10 எடிட்டர், 20 மொழி என்றால் ஒவ்வொரு ஜோடிக்கும் தனி வேலை, ஆக 200 செருகுநிரல்கள். பொதுப் பேச்சு ஒன்று வந்த பிறகு மொழிக்கு ஒரு சர்வர், எடிட்டருக்கு ஒரு பேசும் பகுதி, 30 போதும்.

பேச்சு எப்படி இருக்கும் என்று ஒரு முறை பார்த்துவிட்டால் பயம் போய்விடும். ஃபைலைத் திறந்ததும் எடிட்டர் 'இந்த ஃபைல் திறந்திருக்கிறது, உள்ளே இருப்பது இது' என்று முழு எழுத்தையும் அனுப்பும். நீங்கள் ஒரு எழுத்து அடித்தால் 'இந்த வரியில் இந்த இடத்தில் இது மாறியது' என்று இன்னொன்று. சர்வர், இங்கே ரஸ்ட்-அனலைசர், தானாகவே 'இத்தனாவது வரியில் பிழை' என்று திருப்பிச் சொல்லும். ஒவ்வொரு செய்தியும் ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் இருக்கும், அதன் தலைப்பில் 'கன்டென்ட்-லெங்த்' என்று நீளம் எழுதியிருக்கும், அப்புறம் ஒரு வெற்று வரி, அப்புறம் சரக்கு. அவ்வளவுதான்.

ஆகவே எடிட்டர் அமைதியானால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான், பேச்சு எங்கே அறுந்தது? அதைச் சொல்வது லாக், அதாவது நடந்ததை எடிட்டர் எழுதி வைக்கும் குறிப்பு ஃபைல். நம்மில் பலர் அதைத் திறப்பதே இல்லை, எனக்கு இதில் உண்மையான வருத்தம், ஏனென்றால் பெரும்பாலான நேரம் பதில் அங்கே நேரடியாகவே எழுதியிருக்கும். கருவிகள் இருக்கின்றனவா என்று சோதிக்கும் ஹீலிக்ஸின் 'ஹெல்த்' கட்டளையைத் தம்பி ஓட்டிப் பார்த்திருந்தான், அது ரஸ்ட்-அனலைசர் இருக்கிறது என்று பச்சை டிக் காட்டியது, அவன் அதை நம்பிவிட்டான். லாகைத் திறந்தோம். 'இந்த டூல்செயினில் ரஸ்ட்-அனலைசர் என்ற பைனரி இல்லை' என்ற பொருளில் ஒரே வரி. டூல்செயின் என்றால் ஒரு ரஸ்ட் பதிப்பின் கருவித் தொகுப்பு, பைனரி என்றால் ஓடக்கூடிய ஃபைல்.

இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? ரஸ்டை நிறுவித் தரும் ரஸ்ட்அப், நிறுவும்போது ரஸ்ட்சி (கம்பைலர்), கார்கோ, ரஸ்ட்-அனலைசர் என்று பல பெயர்களில் சின்னச் சின்ன ஃபைல்களை வைத்துவிடுகிறது. அவை நிஜக் கருவிகள் இல்லை, பெயர்ப் பலகைகள். கூப்பிட்டதும், எந்த டூல்செயின் நடப்பில் இருக்கிறது என்று பார்த்து உள்ளே இருக்கும் நிஜமான கருவிக்குக் கைமாற்றும். பலகை தொங்குகிறது, கடையில் ஆள் இல்லை. அழித்து மறுபடி போட்டாலும் அதே பலகைதான் மறுபடி வரும், ஏனென்றால் ரஸ்ட்-அனலைசர் வழக்கமான நிறுவலில் சேராது, 'ரஸ்ட்அப் காம்பொனென்ட் ஆட் ரஸ்ட்-அனலைசர்' என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். புராஜெக்ட் ஃபோல்டரில் 'ரஸ்ட்-டூல்செயின்' ஃபைல் ஒன்று கிடந்தால் இன்னும் கவனம் தேவை. அது அந்த ஃபோல்டருக்கு மட்டும் வேறு பதிப்பைக் கட்டாயப்படுத்தும், அந்தப் பதிப்புக்கும் தனியாகக் கருவி இறக்க வேண்டும்.

மொட்டைமாடியின் ஒரு மூலையில் போனுக்குச் சிக்னல் கிடைத்தது, ஹாட்ஸ்பாட் போட்டு இறக்கினோம். இப்போது அவன் எழுதிய ஃபங்ஷன்களுக்கு விளக்கம் வந்தது, ஆனால் ஸ்ட்ரிங், வெக் போன்ற ரஸ்டின் சொந்தச் சரக்குகளுக்கு வரவில்லை. இது வேறு கோளாறு. ரஸ்ட்-அனலைசர் விளக்கத்தை மூலக் குறிமுறையில் உள்ள டாக் கமென்ட்டிலிருந்து, அதாவது மூன்று சாய்கோடு போட்டு எழுதும் குறிப்பிலிருந்து, நேராகப் படிக்கிறது. அந்தச் சொந்தச் சரக்குகள் இருக்கும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் மூலக் குறிமுறை கணினியில் இல்லாவிட்டால் படிக்க எதுவும் இல்லை. 'ரஸ்ட்-எஸ்ஆர்சி' என்ற காம்பொனென்ட்டைச் சேர்த்ததும் சரியானது.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 'ரஸ்ட்அப் டாக்' என்று அடித்தால் ஸ்டாண்டர்ட் லைப்ரரி ஆவணம் முழுவதும் இணையம் இல்லாமலேயே பிரவுசரில் திறக்கும், வழக்கமான நிறுவலோடு வரும் 'ரஸ்ட்-டாக்ஸ்' அது. மலையில் இருக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை, தம்பிக்கோ அது தன் லேப்டாப்பில் இருப்பதே தெரியாது. ஆனால் அது முன்பே தயாரித்த பக்கங்கள், எடிட்டர் அதைத் தொடுவதில்லை. எடிட்டர் தேடுவது மூலத்தை. ஒரே குறிப்பின் இரண்டு வடிவங்கள், இரண்டு வெவ்வேறு டவுன்லோடுகள், ஒன்று இருந்து மற்றொன்று இல்லாமல் போகலாம். நம் புராஜெக்ட்டுக்கும் இப்படித்தான். 'கார்கோ டாக்' ஓட்டினால் டார்கெட் ஃபோல்டருக்குள் டாக் என்ற இடத்தில் பக்கங்கள் உருவாகும், குறிப்பை மாற்றினால் எடிட்டரில் உடனே மாறும், பக்கம் மட்டும் மறுபடி ஓட்டும் வரை பழையதாகவே இருக்கும்.

இணையம் அறும்போது வரும் தொல்லை தனி. ரஸ்ட்-அனலைசர் தொடங்கும்போது கார்கோவிடம் 'இந்த புராஜெக்ட் எந்தெந்த கிரேட்களை நம்பியிருக்கிறது' என்று கேட்கிறது. கிரேட் என்றால் ரஸ்டில் எழுதிய நிரல் தொகுப்பு. கிரேட் இன்னும் இறங்கவில்லை, சிக்னலும் இல்லை என்றால் கார்கோவால் முழுப் பதில் சொல்ல முடியாது, எடிட்டரும் பாதி கண்ணோடு நிற்கும். மழை தொடங்கும் முன்பே, கிரேட்களை இறக்கி வைக்கும் 'கார்கோ ஃபெட்ச்' ஒரு முறை ஓட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். 'குன்னூர்' நமக்கு நான்கு எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் அது க, உகரக் குறி, ன, புள்ளி, ன, ஊகாரக் குறி, ர, புள்ளி என எட்டு. யூ.டி.எஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 24. எல்.எஸ்.பி. செய்தியின் தலைப்பில் நீளத்தைப் பைட்டில் எண்ண வேண்டும், ஆகவே 24. அதே செய்திக்குள் 'வரியில் எத்தனாவது இடம்' என்பதை வழக்கமாக யூ.டி.எஃப்-16 என்ற இன்னொரு முறையின் அலகில் எண்ண வேண்டும், ஆகவே 8. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே எண்ணாக அமைந்துவிடுவதால் தப்பு வெளியே தெரியாது. சர்வரோ எடிட்டரோ ஒன்று அலகை மாற்றி எண்ணினால், தமிழ் இருக்கும் வரியில் அடிக்கோடு பத்துப் பதினைந்து இடம் தள்ளி விழும். 2022-இல் வந்த எல்.எஸ்.பி. 3.17 பதிப்பிலிருந்துதான் எந்த அலகில் எண்ணுவது என்று இருவரும் முதலிலேயே பேசி முடிவு செய்ய வழி வந்தது. பிழையைச் சொல்லும் வரி சரியாக இருந்து இடம் மட்டும் நகர்ந்திருந்தால், அந்த வரியில் தமிழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தம்பிக்குக் கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. கணக்குப் போடும் பகுதியை லைப்ரரியாகப் பிரித்து, டாக் கமென்ட்டில் 'நான்கு சொச்சம் கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள்' என்று தமிழில் எழுதி, அழகுக்காக அந்த வரியை நான்கு இடைவெளி உள்ளே தள்ளியிருந்தான். 'கார்கோ டெஸ்ட்' ஓட்டினால் அந்த வரியில் பிழை. ஆவணப் பக்கம் தயாரிக்கும் ரஸ்ட்டாக் இந்தக் குறிப்புகளை மார்க்டவுனாக, அதாவது எளிய குறிகளால் வடிவமைத்த எழுத்தாக, படிக்கிறது, நான்கு இடைவெளி தள்ளினால் அது மார்க்டவுனில் குறிமுறை, ஆவணத்தில் உள்ள குறிமுறை எடுத்துக்காட்டுகளை, வேண்டாம் என்று குறிக்காவிட்டால், ரஸ்ட் கம்பைல் செய்து ஓட்டியும் பார்க்கும். அவன் தமிழ் வாக்கியத்தையும் அப்படியே ரஸ்ட் என்று நினைத்து ஓட்டப் பார்த்திருக்கிறது. இடைவெளியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினான். பாஸ். கர்சரை ஃபங்ஷன் பெயரில் வைத்து ஸ்பேஸ், கே அடித்தான், அப்பாவின் இலைக் கணக்கு பற்றி அவன் எழுதிய அந்தத் தமிழ் வரி எடிட்டரில் பெட்டியாக விரிந்தது.